நேரம் கேட்டு வரட்டும் வேன்கள்

கோல்ஃப் ஆடுபவர்களுக்கும் ஒரு காசி உண்டு. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்குள்ள ‘ஓல்டு கோர்ஸ்’ மைதானத்தில் வாழ்நாளில் ஒருமுறையாவது ஆடிவிட வேண்டும் என்று பல நாடுகளிலிருந்து நண்பர்கள் குழுக்குழுவாகப் புறப்பட்டுப் போகிறார்கள். கிண்டியிலும் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஆடிப் பழகிய நம்மவர்களுக்கும் அந்த ஆசை உண்டு. போகிறவர் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், அந்த ஊர் கொடுக்கும் நேரத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டும். அதிகம் போனால் நான்கு பேர் ஓர் அணி. ஓர் அணி புறப்பட்டுச் சில நிமிடங்கள் கழித்துத்தான் அடுத்தது. முன்பே இடம் பிடிக்காதவர்கள், இரண்டு நாள் முன்னால் நடக்கும் குலுக்கலில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தனியாக வருபவர்கள் ராத்திரியெல்லாம் வாசலில் வரிசை கட்டி நின்ற வழக்கம்கூட 2024-இல் கணினிக் குலுக்கலாக மாறிவிட்டது. உடல்நலக் காரணம் இருந்தாலொழிய வண்டியில் ஏறிச் சுற்ற முடியாது. நடந்தே ஆக வேண்டும். பெரிய போட்டிகள் நடக்கும் காலம் நீங்கலாக, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டமே கிடையாது. அன்று உள்ளூர்க்காரர்கள் நாயைப் பிடித்துக்கொண்டு அந்தப் புல்வெளியில் உலாத்துவார்கள். அந்த நிலத்தில் ஊராருக்கு இருக்கும் உரிமை 1552-ஆம் ஆண்டுச் சாசனத்திலேயே எழுதப்பட்டது. கோல்ஃபை நம்பிப் பிழைக்கும் ஊரே அந்த மைதானத்தில் வாரத்துக்கு ஒரு நாள் வருமானத்தை வேண்டாம் என்கிறது. அதனால் அதன் மவுசு குறையவில்லை.

திருவண்ணாமலைக்கும் நண்பர்கள் கூட்டமாகத்தான் வருகிறார்கள். குடும்பத்தோடு வருபவர்கள், நமசிவாய சொல்லிக்கொண்டு தனியாக நடப்பவர்கள், மாதம் தவறாமல் வரும் முதியவர்கள் எல்லாரும் உண்டு. ஆனால் கடந்த முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளில் பௌர்ணமி கிரிவலம் இவ்வளவு பெரிதாக வளர்ந்ததில் அலுவலகத் தோழர்கள், ஒரே தெருப் பையன்கள், கல்லூரி செட் என்று வண்டி பிடித்து வரும் குழுக்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. வாட்ஸ்அப்பில் ஒருவர் ‘இந்தப் பௌர்ணமிக்கு அண்ணாமலை போலாமா’ என்று கேட்கிறார். பத்துக் கட்டைவிரல்கள் எழுகின்றன. சாயங்காலத்துக்குள் ஒரு டெம்போ டிராவலர் பேசி முடித்தாகிவிடுகிறது. சென்னையோ பெங்களூரோ, ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர். மதியம் கிளம்பினால் விளக்கு வைக்கும் நேரத்துக்கு ஊர் எல்லை. ஆந்திரத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் சமீப ஆண்டுகளில் இதேபோல வண்டி வண்டியாக வருகிறார்கள். எல்லாரும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்தான் ஊரின் துன்பம் முழுவதும் இருக்கிறது.

அதனால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது: பௌர்ணமி நாட்களில் திருவண்ணாமலைக்குள் வரும் வாடகை வேன்களும் சொந்தக் கார்களும் முன்கூட்டியே ஒரு நேரம் பதிவு செய்துகொண்டுதான் வர வேண்டும். நடந்து வருபவருக்கோ, பஸ்ஸிலும் ரயிலிலும் வருபவருக்கோ எந்தப் பதிவும் வேண்டாம். நண்பர்கள் குழுவுக்கு இன்னொரு வேண்டுகோளும் உண்டு. தேதியை மாற்றிக்கொள்ளும் வசதி அவர்களுக்குத்தான் இருக்கிறது. முடிந்தவர்கள் பௌர்ணமியையே விட்டுவிட்டு வேறு நாளில் வரட்டும்.

பௌர்ணமி என்றதும் மனத்தில் ஓர் இரவுதான் தோன்றுகிறது. ஆனால் திதி என்பது இரவுக் கணக்கு இல்லை. ஒரு திதி சுமார் 19 மணி நேரத்திலிருந்து 26 மணி நேரம் வரை நீளும். பெரும்பாலும் இரண்டு தேதிகளில் கால் வைக்கும். ஒவ்வொரு மாதமும் கோயில் நிர்வாகம் ‘கிரிவலம் வர உகந்த நேரம்’ என்று தொடக்கமும் முடிவும் குறித்து அறிவிக்கிறது, பத்திரிகைகளும் வெளியிடுகின்றன. அந்த அறிவிப்பை ஒழுங்காகப் படித்தாலே கிடைக்கும் அவகாசம் ஏறக்குறைய ஒரு முழு நாள் என்பது தெரியும். 14 கிலோமீட்டர் சுற்றை நிதானமாக நடந்து, லிங்கங்களில் நின்று கும்பிட்டு முடிக்க நான்கைந்து மணி நேரம். அப்படியானால் ஒரு திதிக்குள் நாலைந்து கூட்டம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து முடிக்கலாம். நடப்பது என்னவோ வேறு. மாலை ஆறு மணியிலிருந்து நள்ளிரவுக்குள் எல்லாரும் பாதையில் இறங்குகிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கூட்டம் தளர்ந்துவிடுகிறது. இதில் நியாயமும் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. வெறுங்காலோடு நடக்கும் பாதையில் சித்திரை, வைகாசி உச்சிவெயிலில் தார் கொதிக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கு வரச் சொல்பவர் ஒருமுறை கால் வைத்துப் பார்க்கட்டும். ஆனாலும் சாயங்காலத்திலிருந்து மறுநாள் காலை ஒன்பது மணி வரை பதினைந்து மணி நேரம் கைவசம் இருக்கிறது. ஆறு மணி நேரத்தில் திணிப்பதைப் பதினைந்து மணி நேரத்துக்குப் பரப்பினாலே நெரிசல் பாதியாகும்.

பௌர்ணமிதான் நாள் என்பதும் பழைய விதி கிடையாது. எந்தக் கிழமையில் மலையைச் சுற்றினால் என்ன பலன் என்று ஏழு கிழமைக்கும் பலன் சொல்லி வைத்திருக்கிறது இந்த ஊரின் மரபு. கடனும் வறுமையும் தீர வேண்டுமென்றால் செவ்வாய்க்கிழமை என்பார்கள். 1896-இல் இங்கு வந்து சேர்ந்த ரமணர் 1926 வரை அன்பர்களைக் கூட்டிக்கொண்டு மலையைச் சுற்றினார். வழியில் உட்கார்ந்து, தங்கி, சமைத்துச் சாப்பிட்டு, மெல்ல நடந்த நடைகள் அவை. நண்பர்கள் குழுப் பயணத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி வேறெங்கே கிடைக்கும்? ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை மாலையில் செங்கம் சாலையிலிருந்து அடி அண்ணாமலைப் பக்கம் திரும்பி நடக்கிறவருக்கு மலை முழுதாகத் தெரிகிறது, பேச்சு காதில் விழுகிறது, கூட வந்தவர் தொலைந்துபோவதில்லை. பௌர்ணமி இரவில் பத்துப் பேராக வருகிறவர்கள் அக்னி லிங்கத்தைத் தாண்டுவதற்குள் மூன்று நான்காகப் பிரிந்துவிடுகிறார்கள். அப்புறம் ‘எங்கடா இருக்கே’ என்று செல்போனில் கத்துவதிலேயே பாதிச் சுற்று போய்விடுகிறது, சிக்னலும் கிடைப்பதில்லை. சேர்ந்து வந்ததன் பயன் என்ன ஆயிற்று?

ஒருவர் பின் ஒருவராகப் போவதை நம் பக்தர் ஏற்கவே மாட்டார் என்று நினைப்பவர்கள் குபேர லிங்கத்தைத் தாண்டியுள்ள இடுக்குப் பிள்ளையார் கோயிலைப் பார்க்க வேண்டும். சின்ன மண்டபம். பின்பக்கத்துத் துளைக்குள் ஒருக்களித்துப் படுத்து, நெளிந்து, முன்பக்கம் வெளியே வர வேண்டும். எத்தனை பெரிய மனிதரானாலும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழைய முடியும். அங்கே யாரும் முண்டுவதில்லை. முந்தி வந்தவர் உள்ளே நெளிவதைப் பார்த்துக்கொண்டு அடுத்தவர் சிரித்தபடி நிற்கிறார். உடல் பருத்தவர் சிக்கிக்கொண்டால் வெளியே நிற்பவர் கை கொடுத்து இழுத்துவிடுகிறார். கட்டடமே விதியைச் சொல்லிவிடுவதால் வாக்குவாதத்துக்கு இடமில்லை. சாலைக்கு அப்படி ஓர் இடுக்கு இல்லாததால் விதியை நாம்தான் சொல்ல வேண்டும்.

‘விளையாட்டையும் பக்தியையும் ஒரே தராசில் வைக்கலாமா’ என்று முதலில் கேட்பார்கள். வைக்கக் கூடாதுதான். மைதானத்துக்கு வேலி போடலாம், கட்டணம் வைக்கலாம், திறமை போதாதவரைத் திருப்பி அனுப்பலாம். கிரிவலப் பாதை பொதுச்சாலை. அதில் நடக்க யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, கேட்கும் நிலை வரவும் கூடாது. அதனால்தான் மனிதர்களுக்கு நேரம் வைக்கச் சொல்லவில்லை, வண்டிகளுக்கு வைக்கச் சொல்கிறேன். வேனுக்குப் பக்தி இல்லை. நிறுத்த இடம்தான் வேண்டும். செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கட்டணம் அன்று. வருகிறவரின் வசதிக்கு ஊர் வளையாமல், ஊரின் கொள்ளளவுக்கு வருகிறவர் வளைகிறாரே, அந்தப் பழக்கம்தான். இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடலாம். வெளிநாட்டு மைதானத்தில் குலுக்கலில் பெயர் வரவில்லையென்றால் ‘அடுத்த முறை பார்ப்போம்’ என்று அடக்கமாகத் திரும்பும் அதே வர்க்கம், அண்ணாமலையார் வாசலில் மட்டும் யாரைப் பிடித்தால் ராஜகோபுரம் வரை கார் போகும், எந்த அதிகாரியின் சிபாரிசில் சிறப்பு தரிசனம் கிடைக்கும் என்று போனை எடுக்கிறது. வெளியூர் ஒழுங்கை நம் ஊரில் கடைப்பிடிக்க முடியாததற்குச் சட்டம் காரணமில்லை.

ஏழைகள் பாதிக்கப்படுவார்கள் என்ற வாதத்துக்கு இன்னும் மரியாதையோடு பதில் சொல்ல வேண்டும். கூலி வேலைக்காரர், கட்டட வேலைக்காரர், வீட்டு வேலை செய்யும் பெண்கள் இவர்களுக்கு மாதத்தில் ஒரு நாள் கிடைப்பதே அபூர்வம். ஆன்லைன் பதிவு, ஓடிபி, க்யூஆர் கோடு என்றால் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். ஆனால் இவர்களில் பெரும்பாலோர் சிறப்புப் பேருந்திலும் ரயிலிலும்தான் வருகிறார்கள். 2024 மே மாதம் சென்னைக் கடற்கரையிலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது ஊர் மக்கள் கொண்டாடினார்கள். அப்போது ஐம்பது ரூபாய் டிக்கெட். ஐம்பது பேர் வரும் ஒரு பஸ் பிடிக்கும் இடத்தைவிட, பத்துக் கார்களில் வரும் ஐம்பது பேர் பிடிக்கும் இடம் பல மடங்கு. கார்களையும் வேன்களையும் நேரம் பிரித்து அனுப்பினால் முதலில் பலன் பெறுபவர் பஸ்ஸில் வருபவர்தான். இப்போது ஊருக்கு வெளியே சாலைக்கொன்றாகத் தற்காலிகப் பேருந்து நிலையங்கள் போட்டு, அங்கேயே அவரை இறக்கிவிடுகிறார்கள். கிரிவலப் பாதைக்கு வர அங்கிருந்து ஒரு நடை, அல்லது வாய்க்கு வந்தபடி கேட்கும் ஆட்டோ. கார்க்காரருக்கு இருக்கும் சுணக்கத்தையும் சேர்த்து அவரே சுமக்கிறார்.

நம் மாநிலத்திலேயே இதற்கு முன்னோட்டம் நடந்திருக்கிறது. ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் இ-பாஸ் வந்தது. 2025 கோடையில் வரம்பும் வைத்தார்கள்: ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் இந்தத் தொல்லை இல்லை. நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். சோதனைச் சாவடிகளில் வண்டிகள் தேங்கி நின்றதும் உண்மை. அந்த எதிர்ப்பை அலட்சியம் செய்யக் கூடாது. ஆனால் ஊட்டிக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. ஊட்டியில் வரம்பு என்றால் அன்றைக்கு வருகிறவர் எண்ணிக்கை குறையும். இங்கே கேட்பது குறைப்பதை இல்லை, பரப்புவதை. தேரடித் தெருப் பாத்திரக்கடைக்காரரும், சின்னக்கடைத் தெருவில் இட்லி விற்பவரும், கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுபவரும் மாதத்தில் ஒரே இரவில் சம்பாதித்து மீதி நாட்களில் ஈ ஓட்டுவதைவிட, பதினைந்து மணி நேரத்திலும் மற்ற கிழமைகளிலும் சீராக விற்பதையே விரும்புவார்கள். நள்ளிரவில் வாடிப்போகும் பூவையும் ஊசிப்போகும் சுண்டலையும் கொட்டுகிறவரின் நஷ்டம் யார் கணக்கில் ஏறுகிறது?

இந்த யோசனைக்கு மிகக் கடுமையான எதிர்ச்சான்று திருப்பதியில் இருக்கிறது. 2025 ஜனவரி 8-ஆம் தேதி, வைகுண்ட ஏகாதசி தரிசனத்துக்கான டோக்கன் வாங்கக் கூடிய கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் இறந்தார்கள். நெரிசலைத் தவிர்க்கக் கொடுத்த டோக்கனே நெரிசலுக்குக் காரணமாயிற்று. இதைப் படித்துவிட்டு ‘டோக்கனே வேண்டாம்’ என்பவர்கள் பாதிப் பாடத்தைத்தான் படிக்கிறார்கள். அங்கே டோக்கன் மனிதர்களுக்கு, சில கவுன்டர்களில், கையில் கொடுக்கப்பட இருந்தது. வாங்க எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்தார்கள். வண்டிப் பதிவில் அந்த ஆபத்து வராது. வேன் உரிமையாளரோ டிராவல்ஸ் அலுவலகமோ தன் ஊரிலேயே, ஒரு வாரம் முன்பே பதிவு செய்துவிடலாம். அவர்களிடம் ஏற்கெனவே பெர்மிட்டும் ஃபாஸ்டேக்கும் செல்போனும் உண்டு. பதிவை இலவசமாக வைக்க வேண்டும், வண்டி எண்ணோடு கட்ட வேண்டும், மாற்றிக் கொடுக்க முடியாதபடி செய்ய வேண்டும். இல்லையென்றால் மூன்றாம் மாதமே கள்ளச்சந்தை முளைத்துவிடும். பதிவில்லாமல் வந்துவிட்ட வண்டியைத் திருப்பி அனுப்பவும் கூடாது. குழந்தையோடு வந்த குடும்பத்தைப் பாதி ராத்திரியில் செங்கம் சாலையில் திருப்பிவிடும் நிர்வாகம் நல்ல நிர்வாகம் ஆகாது. அவர்களை எல்லையில் உள்ள வெளி நிறுத்தத்தில் நிறுத்தி, நகரப் பேருந்தில் ஏற்றி அனுப்பலாம். பதிவு செய்தவருக்குப் பக்கத்து நிறுத்தம், செய்யாதவருக்குத் தூரத்து நிறுத்தம் என்ற அளவுக்குமேல் தண்டனை தேவையில்லை.

பக்தர்கள் கட்டுப்பாட்டை ஏற்க மாட்டார்கள் என்ற பயமும் மிகையானது. ஏற்றிருக்கிறார்கள். கார்த்திகை தீபத்தன்று மலை ஏறுவோருக்கு 2,500 பேர் என்று வரம்பு வைத்து அனுமதிச் சீட்டு கொடுத்த ஆண்டுகள் உண்டு. கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் பௌர்ணமி கிரிவலமே நடக்கவில்லை. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயல் மழையில் மலையடிவாரத்து வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஏழு உயிர்கள் போயின. பன்னிரண்டு நாள் கழித்து வந்த தீபத்துக்கு மலையேறப் பொதுமக்களை அனுமதிக்கவில்லை. காரணம் எல்லார் கண்ணுக்கும் தெரிந்ததால் கீழே நின்றே கும்பிட்டார்கள். அந்தச் சரிவு ஒரு பௌர்ணமி இரவில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. மீட்புப் படையின் வண்டி எந்தத் தெரு வழியாக உள்ளே போயிருக்கும்? பேரிடர் வேண்டாம், சாதாரண மாரடைப்பையே எடுத்துக்கொள்வோம். மலையைச் சுற்றி வீடு வைத்திருப்பவர்களுக்கு, பிரசவ வலி எடுத்த பெண்ணுக்கு, டயாலிசிஸ் முடிந்து திரும்பும் முதியவருக்கு, மாதத்தில் ஒருநாள் தன் ஊரே தனக்கு இல்லாமல் போகிறது. 2024-இல் மாநகராட்சியாகிவிட்ட ஊர் இது. உள்ளூர்க்காரர்களின் வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும் என்று ஒரு தடத்தைக்கூட ஒதுக்க முடியாத நிலையில் அந்தப் பெயர்ப்பலகையால் என்ன லாபம்?

மறுநாள் காலையும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். அன்னதானத் தட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் வாழையிலையும் பாதையோரம் முழங்கால் அளவு குவிந்து கிடக்கும். கொடுப்பவர் புண்ணியம் தேடிக்கொண்டு போய்விடுகிறார். பொறுக்குபவர் தூய்மைப் பணியாளர். நள்ளிரவில் சாலை நிரம்பி வழிவதால் இடையிடையே அள்ளவும் வழியில்லை. மொத்தத்தையும் விடிந்தபின் அள்ள வேண்டியிருக்கிறது. கூட்டம் அலை அலையாக வந்தால் ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் நடுவே குப்பை வண்டி ஒருமுறை போய் வரலாம். கழிப்பறைத் தொட்டிக்கும் தண்ணீர் டேங்குக்கும் இதே நியாயம்தான்.

நண்பர்கள் குழுவில் கடைசியாக நினைவுக்கு வருபவர் ஓட்டுநர். மதியம் வண்டி எடுத்தவர், கூட வந்தவர்கள் நடந்து முடிக்கும்வரை இரவு முழுவதும் எங்கோ ஒரு வயலோரத்தில் ஸ்டியரிங்கில் சாய்ந்தபடி கொசு அடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் நிற்கும் வண்டி ஹாரன் அடித்தால் எழுந்து நகர்த்த வேண்டும். காலை ஐந்து மணிக்கு வந்து ஏறுகிறவர்கள் திண்டிவனம் வருவதற்குள் தூங்கிவிடுவார்கள். அவர் தூங்கக் கூடாது. நேரப் பதிவு வந்தால் வண்டிக்கு நிற்க நிச்சயமான இடமும் ஓட்டுநருக்கு ஐந்து மணி நேர உறக்கமும் ஒன்றாகக் கிடைக்கும். நிறுத்தத்தில் பத்துக் கட்டிலும் ஒரு குளியலறையும் போடுவது மாநகராட்சிக்குப் பெரிய செலவில்லை. சித்ரா பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்திலும் சோதித்தால் கூட்டத்திலேயே திட்டம் மூழ்கிவிடும். கொஞ்சம் அமைதியான ஒரு மாதத்துப் பௌர்ணமியில், ஒரே ஒரு சாலையில், சென்னைப் பக்கத்து வண்டிகளுக்கு மட்டும் முதலில் நடத்திப் பார்க்கலாம். உகந்த நேரத்தை அறிவிக்கும் அதே பத்திரிகைக் குறிப்பின் அடியில் பதிவு செய்ய வேண்டிய எண்ணையும் நிறுத்தங்களின் பெயர்களையும் இரண்டு வரி சேர்த்தால் போதும். தமிழில் மட்டும் போட்டால் பயன் பாதிதான், தெலுங்கிலும் போட வேண்டும்.